தமிழ்99: வேகம் ஒரே இடத்தில் நிற்கிறது, பயிற்சியை எப்படி மாற்றுவது?

கயல்

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். இதுவரை ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறையில் எழுதி வந்தேன். இப்போது தமிழ்99-க்கு, அதாவது உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் உள்ள தமிழ் விசைப்பலகை அமைப்புக்கு, மாறிக்கொண்டிருக்கிறேன். விசைகளின் இடம் மனப்பாடம், கீழே பார்க்காமல் தட்டுகிறேன். தொடக்கத்தில் வேகம் வாரத்துக்கு வாரம் ஏறியது. இப்போது நிமிடத்துக்கு 12, 13 சொல்லில் அசையாமல் நிற்கிறது. பழைய முறையில் இதைப்போல் இரண்டு மடங்கு வரும்.

நாள்தோறும் ஒரே செய்திப் பத்தியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறேன். வார நாளில் நேரம் குறைவு, அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்காருகிறேன். பிழைகளில் ன, ண, ந குழப்பமும், க வரவேண்டிய இடத்தில் ம வருவதும் அதிகம். வேலைக்கு இன்னும் பழைய முறைதான். அதை முழுக்க விட்டுவிட வேண்டுமா? இந்தத் தேக்கம் இயல்பானதா, பயிற்சி முறையில் கோளாறா?

---

விசையடி

முதலில் அளவுகோலை மாற்றுங்கள். சொல் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. "என்று" நான்கு விசை (எ ன ற உ; ன-வின் புள்ளியை மென்பொருளே இடும்). "கற்றுக்கொண்டிருந்தார்கள்" இருபது விசை. இரண்டையும் "ஒரு சொல்" என்று எண்ணினால், நீள வினைமுற்று நிறைந்த பத்தியில் நீங்கள் பின்வாங்கியதுபோல் தெரியும், துண்டு வசனத்தில் முன்னேறியதுபோல் தெரியும். நிமிடத்துக்கு எத்தனை விசை என்று எண்ணுங்கள். ஆங்கிலத் தட்டச்சில் 5 விசையை ஒரு சொல்லாக வைத்துத்தான் இளநிலைக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்று தேர்வு வைக்கிறார்கள். அதே கணக்கில் 150 விசையை முதல் இலக்காகவும் 225 விசையை அடுத்த இலக்காகவும் கொள்ளலாம்.

அடுத்தது பிழைப் பட்டியல். "ன, ண, ந குழப்பம்" என்று ஒரே பெயரில் நீங்கள் சொல்வது இரண்டு வேறு நோய்கள். ண-வும் ந-வும் மேலும் கீழுமாக அடுத்தடுத்த வரிசையில், ஒரே வலச் சுண்டுவிரலுக்கு உரியவை. அவை இரண்டும் மாறினால் விரல் சறுக்கல். ன-வோ வல நடுவிரலின் மேல் வரிசையில் இருக்கிறது, ண-விலிருந்து இரண்டு விசை தள்ளி. அவ்வளவு தூரம் விரல் தவறாது. ன, ண மாறுகிறது என்றால் எந்த எழுத்து என்ற முடிவே தாமதமாகிறது அல்லது தவறாகிறது. ல, ள, ழ-வும் அப்படித்தான்: ல கீழ் வரிசையில் ஆள்காட்டி விரலுக்கு, ள மேல் வரிசையில் உள்பக்கம் நீட்ட வேண்டிய இடத்தில், ழ கீழ் வரிசை ஓரத்தில் சுண்டுவிரலுக்கு. மூன்றும் மூன்று மூலை. அங்கே வரும் பிழை எழுத்துக்கூட்டலின் பிழை. மாறாக ல-ர, ள-ற, க-ப ஆகியவை பக்கத்துப் பக்கத்து விசைகள், அங்கே மாறினால் விரலைத் திருத்த வேண்டும்.

க-வுக்கு ம வருவது மூன்றாம் வகை, பழைய பழக்கத்தின் கசிவு. ஆங்கிலக் கே விசையில் தமிழ்99 வைத்திருப்பது ம. உங்கள் மூளை இன்னும் "க என்றால் கே" என்று அனுப்புகிறது. இதே கசிவு ம-வுக்கு ர (எம் விசை), ல-வுக்கு த (எல் விசை), ந அல்லது ன-வுக்கு ல (என் விசை) என்று வரும். பட்டியலில் இந்த நான்கும் தலைதூக்கினால், உங்கள் தேக்கத்துக்கு விரலின் வேகம் காரணமே அல்ல. எழுத்து முதலில் ஆங்கிலமாகி, பிறகு விசையாகிறது. அந்த இடைப் படி போனால்தான் வேகம் ஏறும்.

ஒரு வாரம் புதுப்புதுப் பத்திகளாக 3 நிமிடம் அடித்து, ஒவ்வொரு பிழையையும் "வேண்டியது, வந்தது" என்று இரு நெடுவரிசையில் குறித்து வாருங்கள். எந்த வகை மிகுதி என்பது தெரிந்த பிறகு பயிற்சியைத் தேர்ந்தெடுக்கலாம்.

---

தட்டச்சுப் பயிற்றுநர்

தேக்கம் இயல்பானது. 1897-இலும் 1899-இலும் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி கற்பவர்களை ஆராய்ந்து வெளியிட்ட வளைகோடுகளில் இதே சமதளம் இருக்கிறது. தந்தியை வாங்கும் திறன் ஏறி, நின்று, மீண்டும் ஏறியது. எழுத்தெழுத்தாகக் கேட்பது பழகி, சொல்லாகவும் தொடராகவும் கேட்கத் தொடங்கும்வரை அந்த நிலை நீடிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எல்லாக் கற்றலிலும் சமதளம் கட்டாயம் வரும் என்று பின்வந்தவர்கள் ஒப்பவில்லை. ஆனால் விசைப்பலகையில் எழுத்திலிருந்து சொல்லுக்கு நகர்வதே அடுத்த படி என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் பார்க்கலாம்.

உங்கள் முறையில் இரண்டு இடங்களை மாற்ற வேண்டும்.

ஒன்று, ஒரே பத்தி. அது பத்தாம் முறை வேகமாக வரும், ஆனால் வேகமானது அந்தப் பத்தி மட்டும்தான். வேறு பத்தியைக் கொடுத்தால் பழைய வேகத்துக்கு இறங்குவீர்கள். ஒரே வகையை அடுக்கி அடித்தால் பயிற்சியின்போது எண்கள் அழகாக இருக்கும். கலந்து அடித்தால் அன்று மெதுவாகத் தெரிந்தாலும் நாட்கள் கழித்துக் கூடுதலாக நிற்கும். எனவே ஒரு விசைச் சேர்க்கையை 2 நிமிடம் தனியாக அடித்ததும், உடனே அது வரும் வெவ்வேறு சொற்களுக்குள் கலந்து அடியுங்கள். அளவெடுக்கும் பத்தி ஒருமுறைதான் பயன்பட வேண்டும்.

இரண்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம். 1978-இல் பேட்லி, லாங்மன் இருவரும் பிரிட்டன் அஞ்சல் ஊழியர்களுக்கு விசைப்பலகை கற்பித்த ஆய்வை வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் கற்றவர்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரமாக நாளுக்கு இரண்டு அமர்வு கற்றவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்தில் அதே திறனை அடைந்தார்கள். நாட்கள் அதிகம் பிடித்ததால் தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைவாக நிறைவடைந்தவர்களும் அவர்களே. அந்த அதிருப்தி உங்களுக்கும் வரும், அதை நம்பி அட்டவணையை மாற்றிவிடாதீர்கள். விரல் வரிசைப் பழக்கம் தூக்கத்திலும் உறுதிப்படுகிறது. நேற்று இரவு தடுமாறியது இன்று காலை எளிதாக வருவது அதனால்தான். ஒரே நாளில் மூன்று மணி நேரம் அடித்தால் அந்தப் பயன் ஓரிரவுக்குத்தான் கிடைக்கும்.

நாளுக்கு 40 நிமிடம் போதும். அதை இப்படிப் பிரிக்கலாம்:

முதல் 5 நிமிடம் நடு வரிசை மட்டும், மெதுவாக. தம்பி, பந்து, உப்பு, முத்து, கத்தி, நெய், மெய், இதயம், உதயம், எய்து. இவை எல்லாமே விரலை மேலே கீழே நகர்த்தாமல் அடிக்கக்கூடியவை. இடக்கை ஆள்காட்டி விரலுக்கு மேடு தட்டுப்படுவது புள்ளி விசை, வலக்கையின் மேடு ப. கை நகர்ந்துவிட்டதா என்று சரிபார்க்க அந்த இரண்டு மேடும் போதும்.

அடுத்த 15 நிமிடம் அன்றைய இரண்டு பிழைகள், பட்டியலில் மேலே இருப்பவை. தாளக் கருவிச் செயலியை நிமிடத்துக்கு 80 அடியில் வைத்து, அடிக்கு ஒரு விசை. 100 விசைக்கு 2 பிழைக்குள் இருந்தால் 4 அடி கூட்டுங்கள். 5 பிழையைத் தாண்டினால் 8 அடி குறையுங்கள்.

ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு 10 நிமிடம் வேகத் துணுக்குகள்: 10 நொடி வசதியைத் தாண்டிய வேகத்தில் அடித்து, 20 நொடி கையைத் தளர்த்துதல். இதில் பிழையைத் திருத்த வேண்டாம், எண்ணவும் வேண்டாம். மெதுவாக மட்டுமே அடிப்பவருக்கு விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து விழும் அசைவே வராது. மெதுவான அசைவும் வேகமான அசைவும் வடிவிலேயே வேறு. மீதி நேரத்தில் புதுப் பத்தி.

வலக்கைச் சுண்டுவிரல் வலித்தால் அன்று நிறுத்திவிடுங்கள். தமிழ்99-இல் அந்த ஒரு விரலுக்கு ந, ய, ண, ச, ஞ, ழ என்று ஆறு மெய்கள். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு சுண்டுவிரலை மட்டும் நீட்டினால் சீக்கிரம் நோகும். ண, ச, ஞ-வுக்கு முழங்கையிலிருந்து கையே சற்று நகர வேண்டும்.

---

மெய்ம்மயக்கம்

சொல்லாக அடிக்கப் பழக வேண்டும் என்று மேலே சொன்னது சரி. தமிழில் அதை எங்கே தொடங்குவது என்பதைச் சேர்க்கிறேன்.

தமிழ்99-ஐ வடிவமைத்தவர்கள் மெல்லின வல்லின இணைகளை மிக அழகாக அடுக்கியிருக்கிறார்கள். ண-ட, ந-த, ன-ற, ம-ப: நான்கும் பக்கத்துப் பக்கத்து விசைகள், நான்கிலும் விரல் வெளியிலிருந்து உள்நோக்கி உருளும். ண்ட, ந்த இரண்டும் சுண்டுவிரல், மோதிர விரல். ன்ற, ம்ப இரண்டும் நடுவிரல், ஆள்காட்டி. இந்த இணைகள் வந்தாலும் ஒரே மெய் இரட்டித்தாலும் முதல் எழுத்தில் புள்ளியும் தானாக விழும். ஆகவே இவற்றை "இரண்டு விசை" என்று பழகாதீர்கள், மேசையில் விரல்களைச் சரியவிடுவதுபோல ஒரே உருட்டலாகப் பழகுங்கள். பண்டம், தந்தம், மன்றம், கம்பம் என்று நான்கையும் மாற்றி மாற்றி அடிக்கலாம். ங்க-வில் இரு கையும் மாறும், அதுவும் எளிது. ஞ்ச மட்டும் ஒரே சுண்டுவிரலுக்கு இரண்டு விசை, அங்கே வேகம் குறைவது உங்கள் குற்றம் அல்ல.

கயல் கேட்ட ன, ண, ந தயக்கத்துக்கும் இங்கேதான் மருந்து. சொல்லின் தொடக்கத்திலும் த-வுக்கு முன்னும் ந, ட-வுக்கு முன் ண, ற-வுக்கு முன் ன. அந்நாள், செந்நிறம் போன்ற கூட்டுச் சொற்களில் மட்டும் ந நடுவில் இரட்டிக்கும். இணைகளை உருட்டலாகப் பழகினால் இந்த இடங்களில் முடிவெடுக்கும் வேலையே இல்லாமல் போகும். மிச்சம் இருப்பது முக்கியமாக உயிருக்கு நடுவில் வரும் ன, ண (மனம், மணம்). அதற்குச் சொற்பட்டியல்தான் வழி, குறுக்குவழி கிடையாது. ஒலிபெயர்ப்பு முறையில் பல மென்பொருள்கள் சொல் முதலில் ந-வைத் தானே இட்டுவிடும், அதனால் அந்தத் தேர்வை நீங்கள் செய்து பழகியிருக்கமாட்டீர்கள்.

அடுத்தது ஈறுகள். நம் வினைச்சொல்லின் பாதி நீளம் ஈறுதான், அதுவும் திரும்பத் திரும்ப வரும் சில ஈறுகள். -கிறது, -க்கிறார்கள், -ந்தது, -ப்பட்ட, -த்தில், -க்காக, -வில்லை, வேண்டும், என்று, ஆகும். இந்தப் பத்தையும் சிந்திக்காமல் வரும்படி செய்தால் பத்தியின் பெரும்பகுதி கையில் வந்துவிடும். -க்கிறார்கள் என்பது க க இ ற ஆ ர புள்ளி க ள புள்ளி, பத்து விசை. முதலில் ஈற்றை மட்டும், பிறகு நட, படி, பார், கொடு என்று பகுதிகளை மாற்றி ஒட்டி அடியுங்கள். பகுதி மாறும்போதும் ஈற்றின் தாளம் மாறக்கூடாது.

மெதுவாகும் இடங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். க, ப, ள, ற, ல, ர ஆறும் வல ஆள்காட்டி விரலுக்கு. அகர உயிர்மெய் தொடர்ந்து வந்தால் இடக்கைக்கு வேலை இல்லாமல் அந்த ஒரு விரலே குதிக்கும். "பரபரப்பு", "கலகலப்பு" இரண்டிலும் முதல் ஆறு விசையும் அதே விரல். வ-வுக்கு வேறு சிக்கல்: அது உயிர்கள் இருக்கும் இடக்கையிலேயே இருக்கிறது. வெ, வே, வை, வ் நான்கும் இட ஆள்காட்டி விரலே இரண்டு முறை நகர வேண்டியவை. இந்த இடங்களில் மற்ற சொற்களின் வேகத்தை எதிர்பார்த்தால் பிழைதான் வரும். அங்கே சற்று நிதானித்து, மற்ற இடத்தில் ஈடுகட்டுவதே நல்ல தட்டச்சு.

தானியங்கிப் புள்ளி பிழை செய்யும் இடங்களுக்கும் தனிப் பட்டியல் வேண்டும். "மனனம்" என்பதை ம ன ன என்று அடித்தால் "மன்னம்" ஆகிவிடும். ம ன அ ன என்று நடுவில் அ விசை வேண்டும். "சமபந்தி"யில் ம-வுக்குப் பின் அ இடாவிட்டால் "சம்பந்தி" வந்து நிற்கும், இரண்டும் சரியான சொல் என்பதால் பிழைதிருத்தியும் பிடிக்காது. அன்றாடம் மாட்டுவது "விதத்தில்", "மதத்தை", "பாதத்தில்" போன்றவை: மூன்று த அடுத்தடுத்து. வ இ த அ த த இ ல புள்ளி என்று அடியுங்கள். "மொத்தத்தில்" போன்ற சொல்லில் நான்கு த. மென்பொருளுக்கு மென்பொருள் நடத்தை மாறலாம் என்பதால், த த அ த த என்று எப்போதும் அ-வை இடுவதே பாதுகாப்பு.

---

கயல்

மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள். பிழை வந்தால் அந்த எழுத்தை மட்டும் அழிப்பதா, சொல் முழுவதையுமா? பழைய முறையை வேலைக்குத் தொடரலாமா என்பதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

---

தட்டச்சுப் பயிற்றுநர்

பழைய முறையை இப்போதே விடுங்கள். கசிவுப் பிழை உங்களுக்கு இருக்கிறது. காலையில் 40 நிமிடம் "க என்றால் எச் விசை" என்று பழக்கிவிட்டு, பிறகு நாள் முழுவதும் "க என்றால் கே" என்று அதே கைகளைப் பழக்கினால் எது வெல்லும்? சில வாரம் வேலை மெதுவாகும், அதற்கேற்ப வேலையைக் குறைத்து ஒப்புக்கொள்ளுங்கள்.

---

மெய்ம்மயக்கம்

இதில் பயிற்றுநரோடு உடன்பட முடியவில்லை. கெடு வைத்து வேலை செய்கிறவர் பாதி வேகத்தில் அடித்தால் பதற்றத்தில் அடிப்பார், பதற்றத்தில் அடிப்பது பிழையைத்தான் பழக்கும். வேலையையே பிரிக்கலாம். மின்னஞ்சல், குறிப்பு, தேடல் ஆகிய சிறு எழுத்தெல்லாம் தமிழ்99-இல், கெடு உள்ள கோப்பு மட்டும் பழைய முறையில். புது முறை பழையதன் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தை எட்டிய நாளில் முழுக்க மாறிவிடுங்கள். ஒரு கட்டுப்பாடு: ஒரே கோப்புக்குள் இரண்டு முறையும் மாறி மாறி வரக்கூடாது.

பழைய தட்டச்சுப் பொறி அமைப்பில் பழகியவர்களுக்குக் கசிவு வேறு விதமாக வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இந்த இழையைப் படிப்பவர்களில் அவர்களும் இருப்பார்கள். பொறியில் "கொ" என்றால் கொம்பு, க, கால் என்று பார்க்கும் வரிசையில் மூன்று தட்டு. தமிழ்99-இல் க, ஒ, அதாவது ஒலிக்கும் வரிசை. அவர்கள் ஒகர, எகர, ஐகார வரிசைகளைத் தனியே எடுத்துப் பழக வேண்டும்: பொய், மெய், கை, தேன், கோடு.

---

விசையடி

அழிப்பது பற்றி: சொல் முழுவதையும் அழியுங்கள். பெரும்பாலான செயலிகளில் கண்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ் அடித்தால் ஒரு சொல் போகும். இதற்கு இரண்டு காரணம். எழுத்தை மட்டும் அழித்தால் எது போகும் என்பது சீராக இல்லை. "கொ"-வில் ஒருமுறை அழித்தால் சில இடத்தில் குறி மட்டும் போய் க நிற்கும், சில இடத்தில் எழுத்தே போகும். அழித்தபின் தானியங்கிப் புள்ளி வருமா வராதா என்பதும் மென்பொருளைப் பொறுத்தது. நடுவில் ஒட்டுப்போட்டால் ஒரு பிழை இரண்டாகும். இரண்டாவது காரணம் பயிற்சி சார்ந்தது: சொல்லை முதலிலிருந்து அடித்தால் கை சரியான வரிசையை முழுதாக ஒருமுறை செய்கிறது. எழுத்தை மட்டும் திருத்தினால் கை பழகுவது "பிழை, அழி, திருத்து" என்ற வரிசையை.

அளவெடுப்பது வாரம் ஒருமுறை போதும், ஒரே நாளில் ஒரே நேரத்தில், ஒவ்வொரு முறையும் புதுப் பத்தி, 3 நிமிடம், இப்படி மூன்று முறை அடித்து நடு எண்ணை எடுங்கள். நாள்தோறும் அளந்தால் தூக்கம், களைப்பு, பத்தியின் கடினம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். 60 விசையிலிருந்து 90-க்கு ஏறிய காலத்தில் 150-இலிருந்து 180-க்கு ஏற முடியாது. கூடக் கூட அதே 30 விசைக்கு மேன்மேலும் நீண்ட பயிற்சி பிடிக்கும். அந்தக் கட்டத்தில் வேக எண்ணைவிடப் பிழைப் பட்டியல்தான் முன்னேற்றத்தை நேர்மையாகக் காட்டும். க-வுக்கு ம வருவது வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்று பாருங்கள்.

கைப்பேசியில் தமிழ்99 அடிப்பதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். விசை இருக்கும் இடம் நினைவில் நிற்க அது உதவும், ஆனால் இரண்டு கட்டைவிரலால் அடிப்பதில் மேலே சொன்ன எந்த உருட்டலும் பழகாது. விசைகளில் ஒட்டும் எழுத்துத் தாள்களும் வேண்டாம். அமைப்புப் படத்தை அச்சிட்டுத் திரைக்கு மேலே ஒட்டுங்கள், பார்க்க நேர்ந்தாலும் கண் மேலேதான் போக வேண்டும்.